ஆலோசகர் வேலைக்கு எம்.பி.ஏ. கட்டாயமா?

"எம்.பி.ஏ. இல்லாதவருக்கு மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் ஆகிய மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களில் இடமில்லை; முன்பணம் கட்டினால் நேர்காணலுக்கு ஏற்பாடு செய்கிறோம்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களிடையே சுற்றுகிறது.

இரண்டுமே பொய். மெக்கின்சிக்கும் பி.சி.ஜி.க்கும் ஜோகன்னஸ்பர்க்கில் அலுவலகம் உண்டு. இளநிலைப் பட்டதாரிகளையும் நேரடியாக எடுக்கிறார்கள். மெக்கின்சியில் அவர்கள் சேரும் பதவிக்கு பிசினஸ் அனலிஸ்ட் என்று பெயர். பொறியியல் படித்தவரும் போகலாம், வரலாறு படித்தவரும் போகலாம். வடிகட்டுவது நேர்காணலில்தான்: துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் ஏன் தேங்குகின்றன என்பதுபோல் ஒரு சிக்கலைக் கொடுத்து, அதைக் கூறுபோட்டு, மனக்கணக்குப் போட்டபடியே விடையை நோக்கி நகரச் சொல்வார்கள். நண்பரை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுப் பழகலாம், காசு செலவில்லை.

முன்பணமா? தென்னாப்பிரிக்காவின் 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம், வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. விண்ணப்பம் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசம்.