ரீசெட் பண்ணச் சொல்லி உன்னை எவன் கேட்டான்?

பண்ணிருச்சுய்யா. திரும்பவும் ரீசெட் பண்ணிருச்சு. மேஜையைத் தொடாம, ஒயரை அசைக்காம, தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கிட்டு, வருமா வராதான்னு தவங்கிடந்து ஒருவழியா என் சென்சர் போர்டோட அந்த ஹேங் (நடுவுல உறைஞ்சு நிக்கிற வியாதி) வந்து நின்னுச்சு, நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு டீபக்கரை, அதாவது ஓடற சிப்புக்குள்ள எட்டிப் பாக்கிற கருவியை, மாட்டி கனெக்ட் கொடுத்தேன், இந்த ஐடிஇ, அதான் ப்ரோகிராம் எழுதி சிப்புல ஏத்தற சாஃப்ட்வேர், என்ன பண்ணிச்சு தெரியுமா? போர்டை ரீசெட் அடிச்சு, அதோட விடாம ப்ரோகிராம் இருக்கிற ஃப்ளாஷ் மெமரியையும் அழிச்சுப் புதுசா எழுதி (நாங்க 'எரிக்கிறது'ம்போம்), ப்ரோகிராம் ஆரம்பிக்கிற மெயினோட முதல் வரியில மஞ்சள் அம்பைக் கொண்டாந்து நிப்பாட்டிட்டு, ரொம்பப் பொறுப்பா "டீபக் செய்யத் தயார்"னு கீழ ஒரு செய்தி. கொலை நடந்த வீட்டைக் கழுவித் தொடச்சு வச்சுட்டு இன்ஸ்பெக்டரை "வாங்க சார், விசாரணைக்கு எல்லாம் ரெடி"ன்னு கூப்பிடற வேலைக்காரனை நீங்க பாத்ததில்லன்னா எங்க லேபுக்கு வாங்க, காட்டுறேன்.

இல்ல, இன்னொரு தடவ மெதுவா சொல்றேன், எனக்கு இன்னும் ஆறல.

அந்த போர்டுக்கு இருக்கிற வேலை ரொம்பச் சின்னது. தூங்கணும், முழிக்கணும், சென்சரைப் படிக்கணும், ரேடியோல அனுப்பணும், எல்இடியை ஒரு சிமிட்டு சிமிட்டிட்டு திரும்பத் தூங்கணும். மனுஷனுக்குக் கெடைக்காத வாழ்க்கை. அதையும் ஒழுங்கா வாழாம, எப்பவாவது ஒரு தடவ எல்இடி எரிஞ்சது எரிஞ்சபடியே நின்னுடும். டெஸ்டிங்ல இருந்து வர்ற ரிப்போர்ட்ல "சில நேரங்களில் ஹேங் ஆகிறது, பேட்டரியைக் கழட்டி மாட்டினால் சரியாகிறது"ன்னு இருக்கும். எப்ப, எதுக்கப்புறம், எந்த போர்டுல, ஒண்ணும் கிடையாது. போன தடவ வந்தப்பவும் இதே ஐடிஇ இதே வேலையைப் பாத்துச்சு, எரிச்சல்ல பேட்டரியைப் பிடுங்கி எறிஞ்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

சரி, இந்தத் தடவ வந்துச்சா. எல்இடி அப்படியே எரியுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அணையல. நெஞ்சு படபடன்னு அடிக்குது. முதல்ல செட்டிங்கைத் திறந்து பாக்கிறேன், 'ஹாட் ப்ளக்'தான் டிக் ஆகியிருக்கு, அதாவது சிப்பை ஓடவும் நிக்கவும் சொல்லாம சத்தமில்லாமப் போய் ஒட்டிக்கோன்னு அர்த்தம். எதுக்கும் இருக்கட்டும்னு ப்ரோப்ல (டீபக்கரோட டப்பா) இருந்து ரீசெட் பின்னுக்குப் போற ஒயரைக் கழட்டியே வச்சிருக்கேன், பாத்துக்குங்க, எவ்வளவு உஷாருன்னு. கிரவுண்டை முதல்ல மாட்டுறேன். அப்புறம் க்ளாக். அப்புறம் டேட்டா. எல்இடி இன்னும் எரியுது, சாமி காப்பாத்து. யுஎஸ்பியைச் செருகுறேன், எரியுது. க்ளிக் பண்றேன். எல்இடி அணைஞ்சிருச்சு.

ஒயரே இல்லாம எப்படிடா ரீசெட் பண்ணனு கத்தினேன். ஒயர் எதுக்குங்கிறேன், எங்க சிப்போட கார்டெக்ஸ்-எம் கோருக்குள்ள ஏஐஆர்சிஆர்னு ஒரு ரெஜிஸ்டர், அதாவது சிப்பைக் கட்டுப்படுத்தற குட்டி மெமரி, இருக்கு, டீபக்கர் அதுல ஒரு பிட்டை எழுதினா சிப்பு தன்னைத்தானே ரீசெட் பண்ணிக்கும். ப்ரோப் பக்கத்துல ஹாட் ப்ளக்னு நான் வச்ச டிக் பத்திரமாத்தான் இருக்கு. ஆனா வேற ஒரு டேபுல, யாரும் போகாத மூலையில, "டவுன்லோட் செய்து ரீசெட் செய்"னு இன்னொரு டிக் இருக்கு, அதை நான் எடுத்து விட்டிருந்தேன், நடுவுல வந்த அப்டேட் "உங்கள் வசதிக்காக" திரும்பப் போட்டு வச்சிருக்கு. யாரோட வசதிக்குங்க? ஓடிக்கிட்டிருக்கிற சிப்புல என்ன நடக்குதுன்னு பாக்கறதுக்குத்தானே டீபக்கர்னு ஒண்ணு கண்டுபிடிச்சான்?

"அப்ப ஆரம்பத்துல இருந்தே டீபக்கரை மாட்டி வச்சுட்டு ஓட்ட வேண்டியதுதானே"ன்னு கேக்கறவங்க தயவு செஞ்சு வரிசையில வாங்க. மாட்டி வச்சா வராதுங்க! வந்தா எனக்கென்ன பைத்தியமா தும்மலை அடக்கிக்கிட்டு உக்கார? டீபக்கர் ஒட்டியிருந்தா சிப்பு முழுசாத் தூங்கவே தூங்காது, ஸ்டாப் மோடுங்கிற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனாலும் டீபக் பிட்டு போட்டு க்ளாக்கை உயிரோட வச்சிருக்கும், இல்லன்னா கனெக்‌ஷன் அறுந்துடும். அது போக ப்ரோப்போட 3.3 வோல்ட் பின்னும் போர்டுக்குள்ள போகுது. ஆக நான் டீபக் பண்றது வேற ஒரு போர்டு, தூக்கமே வராத, பேட்டரி கவலையே இல்லாத போர்டு. அதுல ஏன் பக் வரப்போகுது.

ஐடிஇல ரெஜிஸ்டர் மதிப்பெல்லாம் காட்டுற விண்டோவோட கதை இன்னும் கேவலம். சிப்பும் சென்சரும் பேசிக்கிற ஐ-டூ-சி ஒயர்ல என்னதான் நடக்குதுன்னு அந்த விண்டோவைத் திறந்து வச்சா, சில சிப்புல எஸ்ஆர்1ங்கிற நிலைமை ரெஜிஸ்டரைப் படிச்சு அடுத்து எஸ்ஆர்2 படிச்சா அட்ரஸ் ஃப்ளாக் அழிஞ்சிடும். அப்படித்தான் டிசைன். படிச்சது என் ப்ரோகிராமா இல்ல ஸ்டெப் வைக்கிறப்ப எல்லாம் வரிசையாப் படிச்சுத் தள்ளுற இந்த விண்டோவான்னு சிப்புக்குத் தெரியுமா? ஃப்ளாக் போச்சு, ப்ரோகிராம் அந்த ஃப்ளாக்குக்காகக் காத்துக்கிட்டு நிக்குது, நானும் எதிர்ல காத்துக்கிட்டு நிக்கிறேன். இல்லாத பக்கை இந்த விண்டோவே உண்டாக்கி, அதை நான் தேடி, ச்சே.

பிரிண்ட் போட்டேன். வேற என்ன பண்ண, கடைசியில எல்லாரும் வந்து சேர்ற இடம் அதுதானே. ஓடும்போதே சீரியல் லைன்ல செய்தி அனுப்பற பிரிண்ட்எஃப், ஒரே ஒரு வரி. பக் காணாமப் போயிடுச்சு. எடுத்தேன், வந்துச்சு. போட்டேன், போச்சு. 1,15,200 பாட்ல (நொடிக்கு அத்தனை பிட்டு) ஒரு எழுத்து போக கிட்டத்தட்ட 87 மைக்ரோ செகண்டு, 40 எழுத்துக்கு மூணரை மில்லி செகண்டு, 72 மெகாஹெர்ட்ஸ்ல ஓடற சிப்புக்கு அது ரெண்டரை லட்சம் க்ளாக். அவ்வளவு நேரம் நடுவுல சும்மா நின்னா எந்த டைமிங் பிரச்சனைதான் இருக்கும். இதை மீட்டிங்ல சொன்னா மேனேஜர் முகம் மலர்ந்து "அப்ப அந்த பிரிண்ட்டை அப்படியே விட்டுடலாமே"ங்கிறார். நான் சிரிச்சேன், அவர் சிரிக்கல. அவர் சீரியஸாத்தான் சொல்லியிருக்கார்.

அட்வைஸ் சொல்ல வந்தவங்களுக்கும் குறைச்சல் இல்ல. "கேபிளை மாத்திப் பாத்தியா தம்பி?" பாத்தேன் அண்ணே. "டீபக்கர் பேசற எஸ்டபிள்யூடி க்ளாக்கை 4 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 100 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைச்சியா?" குறைச்சேன் அண்ணே. "லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாரு." கழட்டினேன், லேப்டாப் செத்துச்சு. "ஆசிலாஸ்கோப்பை வச்சுப் பாரேன்." வச்சேன், ஸ்கோப் ப்ரோப் பத்து பதினஞ்சு பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸைக் கூடவே எடுத்துட்டு வருது, க்ளாக் கொடுக்கிற கிரிஸ்டல் மேல வச்சா ஆசிலேட்டரே நின்னுபோகுது, இப்ப எனக்கு ரெண்டு பிரச்சனை. ஒருத்தர் வந்து போர்டு மேல விரலை வச்சு அழுத்தி "இப்ப பாரு, ஓடுது"ன்னார். ஓடத்தான் செஞ்சுச்சு. அவர் விரலையும் சேத்து கஸ்டமருக்கு அனுப்பலாமான்னு கேட்டேன், கோவிச்சுக்கிட்டார்.

எல்லாத்தையும் விடப் பெரிய மேதாவி, "வாட்ச்டாக் டைமர் போட்டு விடு, ஹேங் ஆனா தானா எந்திரிச்சுக்கும்"னவர். அதுவும் போட்டாச்சு சார். போட்டதுக்கப்புறம் பிரேக்பாயின்ட்ல நிறுத்தி வேரியபிளைப் பாக்கலாம்னா, "ஆப்டிமைஸ்டு அவுட்", அந்த வேரியபிளே இப்ப இல்லன்னு கம்பைலர் பழிப்புக் காட்டுது, சரின்னு அசெம்ப்ளியைப் படிக்க ஆரம்பிச்சா பின்னாடி வாட்ச்டாக் ஓடிக்கிட்டே இருந்து என் கண்ணு முன்னாடியே ரீசெட் பண்ணிட்டுப் போகுது. ஹால்ட்ல நிக்கும்போது வாட்ச்டாக்கையும் நிறுத்தி வைக்கிற பிட்டு தனியா இருக்கு, ஆமா, எங்க இருக்கு? மேனுவல்ல வாட்ச்டாக் சேப்டர்ல எழுதியிருந்தா எங்க நாம பொழைச்சுப் போயிடுவோமோன்னு, ஆயிரம் பக்கம் தாண்டி டீபக் சேப்டர்ல, ஒரு டேபிளோட நடுவுல ஒளிச்சு வச்சிருக்கான்.

1997ல நாசாவோட மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்ல எறங்கினதுக்கப்புறம் இப்படித்தான் அப்பப்ப ரீசெட் ஆச்சு. பூமியில இருந்த ஒரு நகலை ஓட்டி, ட்ரேஸ் எடுத்து, ப்ரையாரிட்டி இன்வர்ஷன்னு (அவசர வேலை, அவசரமில்லாத வேலைக்காகக் காத்து நிக்கிறது) கண்டுபிடிச்சு, இங்க இருந்தே சரி பண்ணி அனுப்பினாங்க. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டப்பாவை அவங்களால டீபக் பண்ண முடிஞ்சுது. என் போர்டு என் மூக்குக்கு ஒரு அடி தள்ளி இருக்கு. வித்தியாசம் என்னன்னா அவங்க டப்பாகிட்ட போய் ஒட்ட முடியல, அதான் அதுக்குள்ள இருந்த தடயம் தப்பிச்சுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஃப்ளாஷ் எரிச்சு மெயின்ல நிக்குதா, எல்லாம் போச்சுங்கிற வெறுப்புல ரன் பட்டனை ஒரு குத்து குத்தினேன். எல்இடி எரிஞ்சுது. அணையல. ஹேங்!

ஒரு நிமிஷம் எனக்கே புரியல. ரீசெட் பண்ணியாச்சு, புது ப்ரோகிராம் எரிச்சாச்சு, இருந்தும் அதே இடத்துல நிக்குது. அப்படின்னா நோய் சிப்புக்குள்ள இல்ல, வெளியில இருக்கு. பாஸ் பண்ணிப் பாத்தா அம்பு ஒரு வைல் லூப்ல நிக்குது, "பஸ் (அந்த ஐ-டூ-சி ஒயர்) பிஸியா இருக்கிற வரைக்கும் காத்திரு", டைம்அவுட் கெடையாது, உலகம் அழியற வரைக்கும் காத்திருக்கும். எழுதின புண்ணியவான் வேலையை விட்டுப் போய் சுகமா இருக்கார். மீட்டரை எடுத்து எஸ்டிஏங்கிற ஐ-டூ-சி டேட்டா லைன்ல வச்சேன். புல்-அப் ரெசிஸ்டர் போட்டு மேல நிக்க வேண்டிய லைன், கிட்டத்தட்ட பூஜ்யத்துல கெடக்கு. சென்சர் அதைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது.

நடந்தது இவ்வளவுதான். ரேடியோ அனுப்பற நேரமும் சென்சரைப் படிக்கிற நேரமும் எப்பவாவது ஒண்ணா வந்து விழுது, அந்த நேரத்துல ரேடியோ இழுக்கிற கரண்டுல பழசான பேட்டரி ஒரு கணம் தொங்கிடுது, வோல்டேஜ் குறைஞ்சா வர்ற பிரவுன்-அவுட்ல எம்சியு, அதாவது நம்ம சிப்பு, ரீசெட் ஆகுது. சென்சர் அதை விடக் கம்மி வோல்டேஜ்லயும் ஓடற ஜாதி, அது ரீசெட் ஆகாது. பாதி பைட்டு கொடுத்துட்டு மிச்ச க்ளாக் வரும் வரும்னு டேட்டா லைனைப் பிடிச்சுக்கிட்டே நிக்குது, இந்தப் பக்கம் எம்சியு லைன் ஃப்ரீ ஆகும் ஆகும்னு நிக்குது. ரெண்டும் அவ்வளவு மரியாதை. ரீசெட் காரணம் எழுதற ரெஜிஸ்டர்ல பிரவுன்-அவுட் பிட்டு அழியாம உக்காந்துக்கிட்டிருந்துச்சு. பிரிண்ட் போட்டா ஏன் போச்சு (நேரம் தள்ளிப்போச்சு), ப்ரோப் மாட்டினா ஏன் வரல (ப்ரோப்போட 3.3 வோல்ட்), பேட்டரியைக் கழட்டினா ஏன் சரியாச்சு (சென்சரும் அணைஞ்சு எந்திரிச்சுது), எல்லாத்துக்கும் பதில் வந்துருச்சு. ஐ-டூ-சியை பிலிப்ஸ் கொண்டு வந்தது 1982ல. டேட்டா லைன் இப்படி மாட்டிக்கிட்டா 9 க்ளாக் அடிச்சு விடுங்கன்னு அதோட ஸ்பெக்லயே எழுதியிருக்கு. யார் படிக்கிறா.

இப்ப நீங்க சொல்லுவீங்க, அந்த ரீசெட் பண்ணதாலதானே துப்பு கெடச்சுதுன்னு. தெரியும். அதுக்காக அந்த ஐடிஇக்கு நான் நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன். தெரியாம மிதிச்சதுல தண்டுவடம் நேராச்சுன்னா மிதிச்சவன் டாக்டர் ஆயிடுவானா?

ப்ரோகிராம் ஆரம்பத்துல 9 க்ளாக் அடிக்கிற வரிகள், லூப்புக்கு டைம்அவுட், ரேடியோவையும் சென்சரையும் பிரிச்சு வைக்கிறது, பேட்டரி பக்கத்துல பெரிய கெபாசிட்டர். எல்லாம் போட்டு அனுப்பினேன். டிக்கெட்ல பதில்: "புதிய வெர்ஷனில் பிரச்சனை வரவில்லை. பழைய வெர்ஷனிலும் இன்று வரவில்லை. எனவே ஃபிக்ஸை உறுதி செய்ய இயலவில்லை." படிச்சுட்டு எவ்வளவு நேரம் சிரிச்சேன்னு தெரியல.

இதுல எங்க லேப் லைட்டு வேற. ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் எரியுமாம், மோஷன் சென்சராம், சிக்கனமாம். போர்டை அசைக்கக் கூடாதுன்னு நான் ஆடாம அசையாம உக்காந்திருந்தா ஆளே இல்லன்னு முடிவு பண்ணி அணைச்சுடுது. கையைத் தூக்கி ஆட்டுறேன், எரியல. எந்திரிச்சு நின்னு ஆட்டுறேன், எரியல. கதவு வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தா, போனாப் போகுதுன்னு எரியுது. கம்ப்ளைன்ட் கொடுத்தேன், மெயின்டனன்ஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து ஏணி போட்டு ஏறிப் பாத்தாங்க, அவங்க இருந்த நேரம் முழுக்க பளிச்சுன்னு எரிஞ்சுது, "நல்லாத்தானே சார் எரியுது"ன்னு என்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க.