சுவிட்ச் போர்டு எங்கே போச்சு?

போன வாரம் அம்மா ஊசியில் நூல் கோக்கும் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். ஜன்னலோரம், மழை மூட்டத்து வெளிச்சம். நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கிவிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருப்பார். முதல் கமெண்ட்: "எடிட் பண்ணதா?"

ஆமாம், பண்ணதுதான். கேள்வியில் தப்பில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு தொனி இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எடிட் பண்ணாத படம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களில் ஒளியை வாங்கும் சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலுக்கு மேலும் ஒரு வண்ண வடிகட்டி உண்டு. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஒரு பிக்ஸல் ஒரு நிறத்தைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்ஸல்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! போன் அதையும் தாண்டிப் போகும். ஒரு தட்டு தட்டினால் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலை வெளுக்க வைத்து, வானத்தை அடக்கி, முகத்தைத் துடைத்துத் தருகிறது. எனக்குப் பதிலாக யாரோ ஒரு இன்ஜினியர் எப்போதோ எடுத்து வைத்த முடிவுகள் அவை. அதற்குப் பெயர் ஒரிஜினல். அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் எடுக்கும் முடிவுக்குப் பெயர் எடிட்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். உலகத்தின் மொத்த நிறத்தையும் உருவி எடுத்த படம் அது. அதைத்தான் "எவ்வளவு உண்மையா இருக்கு" என்கிறோம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் புகழ்பெற்ற நிலவுப் படம் ஒன்று உண்டு. 1941, நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். காரில் போய்க்கொண்டிருந்தவர் கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில் விழுவதைப் பார்த்து, வண்டியை ஓரங்கட்டி, பெரிய கேமராவை அவசர அவசரமாக நிறுத்துகிறார். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காணவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனப்பாடம். அதை வைத்தே எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதை, கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்ப காலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல், மேகமும் தெரியும். பிந்தைய பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே ரசாயனத்தில் நனைத்து அழுத்தமாக்கினார். பியானோ கற்றவர் அல்லவா, நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்பார். பாட்டு ஒன்றுதான். இருபது வயதில் பாடுவது ஒரு மாதிரி, அறுபதில் பாடுவது வேறு மாதிரி.

அதற்காக எதையும் செய்யலாம் என்று சொல்ல வரவில்லை. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ், அட்டையின் நீளவாக்குக்கு அடங்க வேண்டும் என்று கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. பெரிய கண்டனம் எழுந்தது, எழ வேண்டியதுதான். இங்கே இப்படி இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் படத்தில் பொருளை நகர்த்துவது பொய். எனக்கு இப்படித் தெரிந்தது என்று சொல்லும் படம் வேறு சாதி.

அதிலும் எனக்கு ஒரு சூடு பட்டிருக்கிறது. ஒரு மொட்டைமாடிப் படத்தில் குறுக்கே ஓடிய துணிக்கொடியை அழித்தேன். சுத்தமாக அழிந்தது, யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் அந்தப் படத்தில் இன்றுவரை கொடி இருந்த இடம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அன்றிலிருந்து இருளாக்குவேன், வெளிச்சம் கூட்டுவேன். எதையும் எடுத்துப் போடுவதில்லை. இது என் விதி, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

அம்மா படத்துக்கு வருகிறேன். கேமரா அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே சீராகப் பார்த்திருந்தது. காலண்டர், வாளி, சுவரில் சுவிட்ச் போர்டு, அதில் தொங்கும் சார்ஜர். அந்த நிமிடம் நான் பார்த்தது இரண்டு விரலும் ஒரு நூலும் மட்டும். விரல்கள் லேசாக நடுங்கின. முன்பெல்லாம் ஒரே முயற்சியில் கோத்துவிடுவார். அதனால் சுவரை இருட்டில் தள்ளினேன், விரல்களை அப்படியே விட்டேன். அவ்வளவுதான் என் எடிட்.

அம்மாவிடம் காட்டினேன். "நூல் உள்ளே போயிடுச்சா இல்லையான்னே தெரியலையே" என்றார். அக்கா போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "டேய், இங்க இருந்த சுவிட்ச் போர்டு எங்கடா?"

அங்கேயேதான் இருக்கு அக்கா. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்.