கொற்கை முதல் வட்டக்கோட்டை வரை: விரைந்து கடந்துவிடக் கூடாத ஒரு கடற்கரைச் சாலை

பெருமாள்மலையில் குடியிருக்கும் எங்களுக்குச் சுற்றுலா என்றால் மலையிறங்குவது என்றுதான் பொருள். சமவெளி மக்கள் குளிரைத் தேடிக் கொடைக்கானலுக்கு ஏறி வருகிறார்கள். மாசி முடியும் வரை கம்பளியை விடாத நாங்களோ வெயிலையும் கடலையும் தேடி இறங்குகிறோம். இந்தப் பங்குனியில் மனைவி, மகள், என் தாயார் ஆகியோருடன் வத்தலக்குண்டு, மதுரை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குச் சென்று, அங்கிருந்து கன்னியாகுமரி வரையிலான கடலோரச் சாலையில் மூன்று நாட்கள் பயணம் செய்தோம். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையை மூன்று மணி நேரத்தில் கடந்துவிட முடியும். அப்படிக் கடப்பது பேரிழப்பு என்பதே என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில் இதே பக்கம் வந்திருந்தோம். திருச்செந்தூரில் தரிசனம், கன்னியாகுமரியில் சூரிய உதயம் என்ற இரண்டு பெயர்களுக்காகவே அந்த வேன் ஓடியது. இடையில் தேநீருக்கு 10 நிமிடம் நிறுத்தியதைத் தவிர வேறெங்கும் நிற்கவில்லை. ரத்தச் சிவப்பான மணல்மேடு ஒன்று ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைந்ததைப் பார்த்து, "அது என்ன இடம்?" என்று என் தாயார் கேட்டார். பதில் சொல்ல அந்த வண்டியில் ஒருவரும் இல்லை. அந்தக் கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டதால்தான் இம்முறை சொந்த வண்டியில் புறப்பட்டோம்.

தூத்துக்குடியைத் தாண்டியதும் சாலையோரத்து உப்பளங்களில் வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. முதலில் பார்க்க வேண்டியது கொற்கை. சங்கப் பாடல்கள் போற்றும் பாண்டியரின் முத்துத் துறை அது; குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளித்தார்கள் என்று பழைய கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு ஒன்று கூறுகிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியதால், துறைமுகமாக இருந்த ஊர் இன்று கடலிலிருந்து ஆறு ஏழு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. கண்ணுக்குக் காட்சியாக அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் கப்பல்கள் நின்ற இடத்தில் நாற்று நிற்பதை நேரில் பார்க்கும்போது ஏற்படும் திகைப்புக்காகவே அங்கே ஒரு மணி நேரம் செலவிடலாம்.

என் தாயார் கேட்ட மணல்மேட்டுக்குத் தேரி என்று பெயர். திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, நாலுமாவடி, உடன்குடி, சாத்தான்குளம் ஆகிய ஊர்களுக்கு இடையே குதிரைமொழித் தேரி பரந்து கிடக்கிறது. மணல் துகள்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடே அந்தச் சிவப்புக்குக் காரணம். ஆடிக் காற்றில் அந்த மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வறண்ட பாலைவனம் போலத் தெரிந்தாலும் மழைநீரை உறிஞ்சித் தேக்கி வைப்பது அந்த மணல்தான். மேலப்புதுக்குடி அருகே தேரியின் நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது; பெயருக்கு ஏற்ப அங்கே சுனையும் இருக்கிறது. என் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் செம்மணலில் சிறிது தூரம் நடந்தார். காலை எட்டு மணிக்கே மணல் சூடேறத் தொடங்கிவிட்டது என்பதால், அங்கே செல்வோர் விடிந்தவுடன் சென்றுவிடுவது நல்லது.

உடன்குடிப் பக்கம் பங்குனியில்தான் போக வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பதநீர் ஒரு காரணம். பனங்காட்டுக்குள் ஓலைக் கொட்டகை ஒன்றில் ஓர் அம்மாள் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார். அகன்ற பாத்திரத்தில் பதநீர் கொதித்துச் சுண்டிப் பொன்னிறத்திலிருந்து கருஞ்சிவப்புக்கு மாற, அவர் துடுப்பை விடாமல் துழாவியபடி, பாகு கையில் எடுத்துப் பார்க்கும் பதத்துக்கு வந்ததும் இறக்கி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். என் தாயாருக்கு ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்து, "குடிச்சுப் பாருங்க ஆச்சி, சுண்ணாம்பு கம்மியாத்தான் போட்டிருக்கு" என்றார். அவரிடமே இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கினோம். செய்கிறவர் கையில் நேரடியாகப் பணம் சேரும் வாய்ப்பு சாலையோரப் பெரிய கடைகளில் கிடைப்பதில்லை.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை எல்லோரும் அறிவார்கள். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் அங்கேதான். அதை அடுத்துள்ள மணப்பாடுதான் இந்தப் பயணத்தில் என் மனத்தைக் கட்டிப்போட்ட ஊர். கடலுக்குள் நீளும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயமும் கலங்கரை விளக்கமும் நிற்கின்றன. ஒரு பக்கம் ஆர்ப்பரிக்கும் கடல், மறுபக்கம் கருமேனியாறு கடலோடு சேரும் இடத்தில் அசைவற்றுக் கிடக்கும் கழி. முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் கடலை நோக்கிய சரிவில் உள்ளது. அதற்கு முன் அங்கே சைவத் துறவி ஒருவர் வாழ்ந்தார் என்பதையும் அங்குள்ள கல்வெட்டே பதிவு செய்திருக்கிறது. மாலை ஐந்தரை மணிக்குமேல் அந்தக் குன்றில் அமர்ந்திருந்தால், கன்னியாகுமரியின் நெரிசலில் எட்டிப் பார்க்கும் சூரியனைவிட நிறைவான காட்சி கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

உவரியில் கப்பல் வடிவில் கட்டப்பட்ட மாதா கோயிலும், ஓலைப்பெட்டியில் கடல் மண்ணைச் சுமந்து கொட்டி நேர்த்திக்கடன் செலுத்தும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. அங்கிருந்து சிறிது உள்ளே தள்ளி இருக்கும் இடையன்குடிக்குக் கொடைக்கானல்காரர்கள் அவசியம் செல்ல வேண்டும். 1841இல் அந்தத் தேரிக்காட்டுக்கு வந்து ஊரை உருவாக்கி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், 1891 ஆகஸ்ட் 28 அன்று காலமானது எங்கள் கொடைக்கானலில். மோட்டார் வண்டியே இல்லாத அந்தக் காலத்தில் அவருடைய உடலை மலையிலிருந்து இறக்கி, இவ்வளவு தூரம் கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. நாங்கள் ஒரு பகலில் காரில் வந்த வழியை அந்த ஊர்வலம் எத்தனை நாட்களில் கடந்திருக்கும் என்று என் மகள் கேட்டாள்; ஆலயத்தை விட்டு வெளியே வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கன்னியாகுமரிக்குச் சற்று முன்னால் இருக்கும் வட்டக்கோட்டையோடு பயணத்தை முடித்துக்கொண்டோம். குளச்சலில் 1741இல் தோற்றுச் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூரின் படைத்தலைவரான, டச்சுப் படையின் முன்னாள் அதிகாரி டிலனாய் வலுப்படுத்திய கருங்கல் கோட்டை அது; அதன் மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரிகின்றன.

மலைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நமக்குக் கடலின் குணம் தெரியாது. 2024 மே மாதத்தில் குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. எங்கோ தொலைவில் எழும் அலைகள் முன்னறிகுறியின்றிக் கரையில் பொங்குவதைக் கள்ளக்கடல் என்று அப்பகுதி மீனவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் இறங்க வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கணுக்கால் அளவு நீரில்கூட நிற்கக் கூடாது.

கூட்டம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதை அன்றாடம் பார்ப்பவர்கள் நாங்கள். நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வரும் நிலை கொடைக்கானலுக்கு ஏற்பட்டது. ஆகவே மணப்பாட்டின் குன்றிலும் தேரியிலும் நாங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு பாட்டிலையும் உறையையும் வண்டியிலேயே திரும்ப எடுத்து வந்தோம். செல்கிறவர்கள் அனைவரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முட்டம், தேங்காய்ப்பட்டணம் என மேற்குக் கரையில் பார்க்க வேண்டியவை இன்னும் மீதம் இருக்கின்றன. மழை ஓய்ந்து வானம் தெளியும் தை மாதத்தில் அங்கே செல்வதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.