அடம்பங்கொடியைப் பிடுங்கச் சொல்லும் செய்தி தவறு

"கடற்கரை நடைபாதை ஓரத்தில் படரும் அடம்பங்கொடி வெறும் களை. அதைப் பிடுங்கிவிட்டுப் புல்தரை போட்டால்தான் மணல் நிற்கும்" என்று ராமநாதபுரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். அரியமான் கடற்கரைப் பக்கம் போனால் ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த இலையைப் பாருங்கள். தண்டை லேசாகத் தூக்கினால் கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். ராவணன் மீசைப் புல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் உப்புக்காற்றைத் தாங்கும், யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். புல்தரைக்கோ விடாமல் நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்கவே குடத்தோடு காத்திருக்கிற மாவட்டம் இது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தனுஷ்கோடி சாலையை மணல் மூடுவதைப் பார்த்தவர்களுக்கு, கொடி இல்லாத மணல் என்ன செய்யும் என்று தெரியும்.

சரி, நடைபாதை? கால் ஊன்றி உயர்த்திய பலகைப் பாதை போட்டால் கொடி அடியில் படரும். புன்னை, பூவரசு எல்லாம் மணல்மேட்டுக்குப் பின்னால் நடலாம்.

உயிர்ப்புள்ள, அதாவது காற்றில் இன்னும் உருமாறிக்கொண்டிருக்கும், மணல்மேடுகளைச் சமன்செய்வதை 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தடை செய்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளத்தில் நீங்களே படித்துப் பார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.