கேட்சைத்தான் விட்டான், வேறெதையும் விடவில்லை

கேட்ச் விட்ட பையனைத் திரையில் போட்டுச் சிரித்த அந்த வீடியோவை இங்கே மறுபடி போடப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சில நாட்களாக எங்கள் பிசினஸ் ஸ்கூல் அலும்னி குழுவில் இதே பஞ்சாயத்துதான். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். 'வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதே' என்று மனைவியும் சொன்னாள். ஆனால் நேற்று இரவு ஒரு சீனியர், 'அருமையான லேர்னிங், இதைக் கேஸ் ஸ்டடியாகவே எழுதலாம்' என்று கைதட்டும் பொம்மை நாலைந்து போட்டிருந்தார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிரிக்கெட் ஃபைனல். கடைசி ஓவரில் ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருவன் எல்லைக்கோட்டை ஒட்டிய டீப் மிட்விக்கெட்டில் கேட்சை விட்டான், பந்து கையிலிருந்து நழுவி எல்லைக்கோட்டைத் தாண்டியது, தோற்றார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மறுநாள் 'வெற்றியாளரின் மனம்' என்று பேச வந்த விருந்தினர், யாரோ எடுத்துக் கொடுத்த அந்தக் கிளிப்பை ஆடிட்டோரியத் திரையில் ஸ்லோ மோஷனில் ஓட்டினார். பையனின் முகத்தில் நிறுத்தி, 'பந்து வருவதற்கு முன்பே இவர் மனதுக்குள் தோற்றுவிட்டார், பாருங்கள்' என்றார். பையன் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அரங்கம் சிரிக்கிறது. கல்லூரியின் இணையப் பக்கத்தில் அந்த உரையின் வீடியோ பெருமையாக ஏறியும் விட்டது.

கேட்ச் விட்டான் என்றால் கேட்ச் விட்டான் என்று மட்டும்தான் அர்த்தம். மனம் பலவீனம் என்று அர்த்தமில்லை. பொறுப்பில்லாதவன் என்று அர்த்தமில்லை. நாளைக்கு ஒரு டீமை நம்பி ஒப்படைக்க முடியாது என்றும் அர்த்தமில்லை. கேட்ச் விட்டான். அவ்வளவுதான்.

அந்த மைதானத்தில் டீப் மிட்விக்கெட்டில் நின்றவர்களுக்கு ஒன்று தெரியும். விளக்குக் கம்பங்கள் உயரம் போதாது. தூக்கி அடித்த பந்து வெளிச்சத்துக்கு மேலே ஏறியதும் காணாமல் போய்விடும். கறுப்பு வானத்தைப் பார்த்தபடி, குத்துமதிப்பாகக் கால்களை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று, தலைக்கு மேல் பத்தடியில், இன்சுலேஷன் டேப் சுற்றிய அந்தப் பந்து மறுபடி முளைக்கும். டேப் சுற்றிய டென்னிஸ் பந்து பனியில் நனைந்தால் சோப்புக்கட்டி போல வழுக்கும். இதெல்லாம் அந்த ஸ்லைடில் இல்லை. கம்பத்தின் உயரத்தைப் பற்றிப் பேசினால் 'சாக்கு' என்பார்கள். மனதைப் பற்றிப் பேசினால் 'இன்சைட்' என்பார்கள்.

கிரிக்கெட் உதாரணம்தான் வேண்டுமென்றால் நானும் தருகிறேன். 1999 உலகக் கோப்பை, ஜூன் 13, ஹெடிங்லி. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா 56 ரன்னில் இருக்கும்போது கொடுத்த லட்டு கேட்சைத் தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸ் பிடித்து, கொண்டாட்டத்தில் மேலே எறியப் போய்க் கோட்டை விட்டார். வா 120 அடித்து ஆட்டமிழக்காமல் நின்று ஜெயிக்க வைத்தார். 'உலகக் கோப்பையையே கீழே போட்டுவிட்டாய்' என்று வா சொன்னதாக ஒரு வசனம் ஊரெல்லாம் சுற்றியது. அப்படிச் சொல்லவே இல்லை என்று வாவே மறுத்துவிட்டார், இருந்தாலும் வசனம் சாகவில்லை. அதே ஆட்டத்தில் கிப்ஸ் 101 ரன் அடித்தது எத்தனை பேருக்கு ஞாபகம்? 2006 மார்ச் 12, ஜோகன்னஸ்பர்க்கில் ஆஸ்திரேலியாவின் 434ஐத் தென்னாப்பிரிக்கா துரத்திப் பிடித்தபோது 111 பந்தில் 175 அடித்ததும் அதே கிப்ஸ்தான். ஹெடிங்லியில் 'மனதுக்குள் தோற்றவர்' ஜோகன்னஸ்பர்க்குக்கு வேறு மனதை வாங்கிக்கொண்டு போனாரா?

இந்தியப் பந்துவீச்சாளர் அர்ஷ்தீப் சிங் கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. 2022 செப்டம்பர் 4, ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக துபாயில் ஆசிஃப் அலியின் கேட்சை விட்டார். அன்றிரவு இணையத்தில் அவரை என்னென்ன சொன்னார்கள் என்று எழுதவே கூசுகிறது. விக்கிப்பீடியாப் பக்கத்தில் போய் நாட்டையே மாற்றி எழுதினார்கள். 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்தபோது அதே கூட்டம்தான் தூக்கிவைத்து ஆடியது. அவர் மனம் இடையில் என்ன ஆனது என்று இவர்கள் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல ஸ்லைடு போடுவதில்தான் எனக்குக் கோபம்.

மனதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்ல வரவில்லை. தெரிந்தவர்கள் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் கிரெக் சேப்பல் தன் கவனத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்திருப்பீர்கள். நாள் முழுக்க ஒருமுகமாக இருப்பது யாராலும் முடியாத காரியம் என்று அவருக்குப் புரிந்தது. அதனால் பந்துக்கும் பந்துக்கும் நடுவே மனதைச் சும்மா விட்டுவிடுவார், கூட்டத்தை வேடிக்கை பார்ப்பார். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியதும் கவனத்தைக் கொஞ்சம் கூட்டுவார். பந்து கையை விட்டு வெளியே வரும் அந்த நொடிக்கு மட்டும் முழுமூச்சாக. அடுத்த பந்துவரை மறுபடி வேடிக்கை. பெரிய ஆட்டக்காரரின் மனமே அதிக நேரம் சும்மாதான் இருந்திருக்கிறது.

கைப்பழக்கமான வேலையைச் செய்யும்போது 'நான் எப்படிச் செய்கிறேன்' என்று தன்னையே கவனிக்க ஆரம்பித்தால் தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள் என்று உளவியலாளர் சியான் பைலாக் கோல்ஃப் ஆடுபவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. மேலே நிமிர்ந்து பந்தைப் பார்க்க வேண்டியவன், தன்னைப் பார்க்கிற கண்களைப் பார்க்க ஆரம்பித்தால் கேட்ச் கையில் தங்காது. இனி அந்தப் பையன் மைதானத்தில் இறங்கினால் எதைப் பார்ப்பான்? பந்தையா, ஆடிட்டோரியத்தையா? மனவுறுதி வளர்க்க வந்தவர் செய்துவிட்டுப் போன காரியம் இதுதான். நன்றி சார்.

பிசினஸ் ஸ்கூலுக்குள் இரண்டு வருஷம் இருந்தவர்களுக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று புரியும். அங்கே எல்லாவற்றுக்கும் மார்க். வகுப்பில் வாய் திறந்தால் சிபி (கிளாஸ் பார்ட்டிசிபேஷன்) மார்க், திறக்காவிட்டால் அதற்கும் மார்க், அதாவது சைபர். மேஜையில் பெயர்ப்பலகை, மூலையில் ஒருவர் உட்கார்ந்து யார் பேசினார்கள் என்று குறித்துக்கொண்டிருப்பார். ரிலேட்டிவ் கிரேடிங் என்பதால் பக்கத்து அறைக்காரன் நன்றாக எழுதினால் உன் கிரேடு இறங்கும். குரூப் ப்ராஜெக்ட்டில் பியர் ரேட்டிங் என்று நண்பனுக்கு நண்பனே மார்க் போட வேண்டும். சாப்பிடப் போனால் அங்கேயும் நெட்வொர்க்கிங்.

இதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஹாஸ்டலுக்குப் பின்னால் ஆடுகிற ஆட்டம். மெஸ் ஜன்னலில் பட்டால் அவுட். ஒன் பிட்ச் கேட்ச் உண்டு. ஒற்றைப்படையில் ஆள் வந்தால் கடைசியில் வந்தவன் ஜோக்கர், இரண்டு பக்கமும் ஆடுவான். மெஸ் அண்ணன் ஒருவர் பாத்திரமெல்லாம் கழுவி முடித்து ஈரக்கையோடு வந்து அம்பயரிங் செய்வார். நோ பால் கொடுப்பதில் மட்டும் மகா கண்டிப்பு. காஜி, அதாவது பேட்டிங், யாருக்கு என்பதைத் தவிர அங்கே வேறு எந்தக் கவலையும் கிடையாது. யார் எந்த கன்சல்டிங் கம்பெனி ஷார்ட்லிஸ்டில் இருக்கிறான் என்று மைதானத்தில் கேட்கக்கூடாது. எழுதாத சட்டம் அது, யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

என் அறைத்தோழனுக்கு ஒரே சாயங்காலத்தில் வரிசையாக ஷார்ட்லிஸ்ட்கள் வந்தன, ஒன்றிலும் அவன் பெயர் இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாப்பிட வரவில்லை. ராத்திரி நாங்கள் ஸ்டம்புக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது லுங்கியோடு இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் பந்தை வாங்கிக்கொண்டான். விடாமல் போட்டுக்கொண்டே இருந்தான். ஓவர் முடிந்தும் பந்தை யாரும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு மேல் உட்கார்ந்து, 'மெஸ்ல தயிர் இருக்குமாடா' என்றான். அன்றைக்கு எங்களில் ஒருத்தன் செல்போனை எடுத்து அவன் முகத்தைப் படம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

விடுதி நோட்டீஸ் போர்டில் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 ஒட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம், கட்டாயம் இருக்க வேண்டும். அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு போட்டோவும் எடுக்கிறார்கள். அதே ஆட்கள்தான் இந்தக் கிளிப்புக்கும் லைக் போட்டவர்கள்.

சரி, என்ன பதில் வரும் என்று தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

'அந்தப் பையனே சிரித்தானே, உனக்கென்ன?' சிரிக்காமல் என்ன செய்வான்? இருநூறு பேர் திரும்பிப் பார்க்கும்போது எழுந்து போனால், 'பார்த்தீர்களா, ஃபீட்பேக்கைத் தாங்கத் தெரியவில்லை' என்று அதற்கும் ஒரு ஸ்லைடு தயாராக இருக்கும். அவனிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கலாம். பிளேஸ்மென்ட் நடத்துகிற நிர்வாகம் கேட்டால் ஃபர்ஸ்ட் இயர் பையன் முடியாது என்பானா? விடுங்கள்.

'கார்ப்பரேட் உலகம் இதைவிட மோசம், இப்போதே பழகட்டும்.' இதைச் சொல்பவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினோரு வருஷமாக அந்த உலகத்தில்தான் சம்பளம் வாங்குகிறேன். மோசமான மேலாளரைப் பார்த்திருக்கிறேன், நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன். சொதப்பிய ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, காபி வாங்கிக் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்ட மேலாளரின் டீமில்தான் ஆட்கள் நிலைத்தார்கள். மீட்டிங்கில் மானத்தை வாங்கியவரின் டீமில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறியது. மோசமாக இருப்பதற்குப் பயிற்சி கொடுக்க லட்சக்கணக்கில் ஃபீஸ் எதற்கு? அது வெளியே இலவசமாகவே கிடைக்கிறது.

'அஷ்வின் என்ன செய்தார்? அது மனவுறுதி இல்லையா?' குழுவில் ஒருவர் ஆணித்தரமாகக் கேட்டிருந்தார். 2022 அக்டோபர் 23, மெல்போர்ன், பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்து. நவாஸ் லெக் சைடில் போட்டதைத் தொடாமல் விட்டு வைட் வாங்கி, அடுத்த பந்தை மிட் ஆஃபுக்கு மேல் தட்டிவிட்டார். மறுக்கவில்லை, பிரமாதமான மனம். ஆனால் அந்த மனத்துக்குப் பின்னால் எத்தனை வருஷத்து ஆட்டம், எத்தனை ஆயிரம் பந்து? அதற்கு முந்தின பந்தில் ஸ்டம்பிங் ஆகிப் போனவர் தினேஷ் கார்த்திக். 2018 மார்ச்சில் நிதாஹாஸ் கோப்பை ஃபைனலில் கடைசிப் பந்தில் சிக்ஸ் அடித்தவரும் அவர்தான். அவருக்கு மனவுறுதி உண்டா இல்லையா? ஒரு பந்தை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

'ஒரு தமாஷை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?' வேண்டும். ஏனென்றால் இந்த விளையாட்டு எனக்கும் தெரியும்.

என் சிவியில் 'இன்டர்-செக்‌ஷன் கிரிக்கெட், ரன்னர்-அப்' என்று ஒரு வரி இருந்தது. இன்டர்வியூ பேனலில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். என்ன பொசிஷன் என்றார். ஓப்பனர் என்றேன். எப்படி ஆடுவீர்கள் என்றார். புதுப்பந்து ஸ்விங் ஆகும், முதல் சில ஓவர் வெளியே போகிற பந்தை விட்டுவிட்டு நிற்பதுதான் என் வேலை என்றேன். 'அப்படியென்றால் வாய்ப்பு வரும்போது மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்குகிற ஆள்' என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுத் தாளில் எதையோ எழுதினார். நீலப் பேனா. எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு வரியால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. ஆனால் பந்தைத் தொடாமல் விடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரியாத ஒருவர் என் மனதுக்கு ஒரு பெயர் வைத்து, அதற்கு அடிக்கோடும் போட்டார் அல்லவா, அது இன்றைக்கும் உறுத்துகிறது. சாயங்காலம் அப்பா போன் செய்தார். கல்விக்கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். 'பரவாயில்லப்பா, அடுத்தது பார்த்துக்கலாம்' என்றார். அவர் எந்த மைண்ட்செட் புத்தகமும் படித்ததில்லை. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

இதையெல்லாம் இங்கே சொல்லியிருக்க வேண்டாம்தான். சொல்ல ஆரம்பித்ததும் வந்துவிட்டது.

கல்லூரிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். கிளிப்பை எடுங்கள், பையனிடம் தனியாகப் பேசுங்கள், இரண்டே வேண்டுகோள்தான். 'உங்கள் ஃபீட்பேக் எங்களுக்கு முக்கியம்' என்று தானாகப் போகிற பதில் ஒன்று வந்திருக்கிறது. அடுத்த மாதம் அலும்னி உரைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், தலைப்பு ரெசிலியன்ஸ். வரவில்லை என்று எழுதிவிட்டேன். உரைக்கு மறுநாள் நடக்கிற அலும்னி மேட்சுக்கு மட்டும் வருகிறேன். கமெண்டில் மனவுறுதி வகுப்பு எடுக்க நினைப்பவர்கள் அங்கேயே வந்து சொல்லலாம், டீப் மிட்விக்கெட்டில் இடம் காலியாகத்தான் இருக்கும். அந்தப் பையனை எங்கள் பக்கம் ஜோக்கராகக் கேட்டிருக்கிறேன், அனுமதி இன்னும் வரவில்லை.