பீடி சுற்றுகிற ஆச்சிக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நண்பர்கள் பலர் பகிர்ந்துவிட்டார்கள், அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. அந்தக் கல்லூரி மாணவி எழுந்து, பீடித் தொழிலாளர்கள் நிறைந்த ஊர்களுக்குக் கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும், அந்தப் படத்தைப் படித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் வந்தால் காசநோயை முன்கூட்டியே பிடிக்கலாமே என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் சிரித்தார். "பீடி சுற்றுகிற ஆச்சிக்கு எதற்கம்மா ஏஐ? முதலில் குடிக்க நல்ல தண்ணீர் கொடுக்கச் சொல்" என்றார். அரங்கம் கைதட்டியது. அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டியவர்களில் பலரை எனக்குத் தெரியும். தாமிரபரணிக்காக வெயிலில் நின்றவர்கள், நல்லவர்கள். வேறு யாராவது தட்டியிருந்தால் நான் இரண்டு நாள் தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன்.

என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவள். மடியில் சொளகு, சொளகில் தூளும் வெட்டிய இலையும் நூலும். காலையில் எழுந்தவுடன் உட்கார்ந்தால், சாயங்காலம் பீடிக் கடையில் கட்டுகளை ஒப்படைக்கும் வரை முதுகு நிமிராது. கணக்குப்பிள்ளை ஒரு பிடியைக் கழிவு என்று ஒதுக்கிவிட்டால் அன்றைய கூலியில் அதுவும் போகும். எங்கள் தெருவில் இருமல் இல்லாத வீடு கிடையாது. அதற்கு "தூள் இருமல்" என்று ஒரு பெயரும் இருந்தது. தூள் இருமலுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள், மருந்துக் கடையில் ஒரு பாட்டில் டானிக் வாங்கிக் குடிப்பார்கள். அம்மாவும் குடித்தாள். ரவிக்கை தொளதொளவென்று ஆன பிறகுதான் அத்தை அவளை இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். படம் எடுத்தாகிவிட்டது, பார்த்துச் சொல்லும் டாக்டர் இல்லை. அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் போனால் டாக்டர் விடுப்பு. அந்த எக்ஸ்ரே உறை எங்கள் வீட்டுப் பீரோ மேல் கிடந்த நாட்களில் அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை, ஒரே பாயில் எங்களோடு படுப்பதையும் நிறுத்தவில்லை. பிறகு மாத்திரை கிடைத்தது, முழுதாகச் சாப்பிட்டாள், பிழைத்தாள். இன்றும் மாடிப்படி ஏற முடியாது. அடுத்த வீட்டு மதினி பிழைக்கவில்லை.

அந்த உறையைத் திறந்து, "இந்த நுரையீரலில் சந்தேகம் இருக்கிறது, இன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்பு" என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. இன்றைக்கு அதைச் சொல்ல ஒரு மென்பொருள் இருக்கிறது. ஓரிரு நிமிடம் போதும். இதைத்தான் அந்தப் பெண் கேட்டாள். இதற்குத்தான் சிரித்தீர்கள்.

இது ஏதோ கம்பெனிக்காரன் விளம்பரம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் மார்பு எக்ஸ்ரேவைக் காசநோய்ப் பரிசோதனைக்காக மனிதருக்குப் பதில் மென்பொருள் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021இல் பரிந்துரைத்துவிட்டது. மென்பொருள் நோய் என்று தீர்ப்புச் சொல்வதில்லை, ஒரு மதிப்பெண் கொடுக்கிறது. மதிப்பெண் கூடினால் சளியில் மரபணுப் பரிசோதனை, அதில்தான் உறுதியாகும். 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுக்காமல் இருமல், காய்ச்சல் என்று அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால், நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களில்கூடச் சுமார் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு.

அப்படியானால் கருவிதான் அவர்களைத் தேடி வர வேண்டும். முக்கூடலுக்கு, மேலப்பாளையத்துக்கு, ஆலங்குளத்துக்கு, கடையத்துக்கு. சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனையில் இருப்பவருக்குப் படம் பார்க்க நாலு டாக்டர் இருக்கிறார்கள். டாக்டர் இல்லாத ஊருக்குத்தான் இது முதலில் தேவை. பீடி சுற்றுகிற ஆச்சிக்குத்தான் முதலில் தேவை.

"முதலில் தண்ணீர்" என்ற வாதத்துக்கு வருகிறேன், கைதட்டல் வாங்கியது அதுதானே. தண்ணீர் வேண்டாம் என்று அந்த மாணவி சொன்னாளா? தண்ணீர் வரும் வரை நுரையீரல் காத்திருக்குமா? நமக்கு மட்டும் எல்லாம் வரிசையில் வர வேண்டுமாம். தண்ணீர், பிறகு சாக்கடை, பிறகு டாக்டர், எல்லாம் முடிந்த பிறகு அறிவியல். பெருநகரத்தில் யாராவது இப்படி வரிசை போட்டார்களா? மெட்ரோ ரயில் வரும்போது முதலில் கூவத்தைச் சுத்தம் செய் என்று சொல்லி ரயிலை நிறுத்தினார்களா?

சரி, தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ஆற்றில் கழிவுநீர் கலப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போன கதை. ஆனால் எந்த ஓடையில், எந்த நேரத்தில், எவ்வளவு கலக்கிறது என்று தினமும் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? ஒருநாள் தண்ணீர் மாதிரி எடுப்பார்கள், அன்றைக்கு மட்டும் ஆறு ஒழுங்காக ஓடும். கரைந்த ஆக்சிஜனையும் கலங்கலையும் இரவு பகலாக அளக்கும் உணர்கருவிகளை ஆற்றில் வைத்து, அந்த எண்களில் எங்கே வழக்கம் மாறுகிறது என்று கணினியைப் பார்க்கச் சொன்னால், திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர் மாட்டுவார். நீங்கள் கேட்கும் நல்ல தண்ணீருக்கும் இந்த அறிவியல்தான் சாட்சி சொல்லும்.

2023 டிசம்பர் 17, 18ஐ மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எச்சரிக்கை எப்போது வந்தது, போதுமானதாக இருந்ததா என்று மாநில அரசும் வானிலைத் துறையும் பிறகு மாறி மாறிப் பேசின. நாம் வழக்கம்போல வண்ணார்பேட்டைப் பாலத்தில் நின்று, வெள்ளம் எவ்வளவு என்று அறிய ஆற்றில் நிற்கும் தைப்பூச மண்டபம் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மண்டபத்தை நம்பி வாழ்ந்த தலைமுறையை நான் குறை சொல்லவில்லை, அவர்களிடம் இருந்தது அதுதான். ஆனால் அதே 2023இல்தான் கூகுள் டீப்மைண்ட் நிறுவனம் கிராஃப்காஸ்ட் என்ற, வானிலையைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை வெளியிட்டது. ஏறத்தாழ 40 ஆண்டு வானிலைப் பதிவுகளைப் படித்துவிட்டு, பத்து நாள் முன்கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. ஐரோப்பிய வானிலை மையம் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை 2025இல் அன்றாடப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. அதே ஆண்டு நம் மத்திய வேளாண் அமைச்சகம் பருவமழை எப்போது தொடங்கும் என்ற ஏஐ கணிப்பை 3.8 கோடி விவசாயிகளின் கைபேசிக்கு அனுப்பியது. நாற்றுப் பாவுகிறவர்கள் "எங்களுக்கு எதற்கு" என்று திருப்பி அனுப்பவில்லை.

இந்த மாதிரிகள் 95 சென்டிமீட்டர் போன்ற பேய்மழையைக் குறைத்துக் கணித்துவிடும் என்ற குறை உண்டு, எனக்கும் தெரியும். குறை உள்ளது என்பதற்காக வேண்டாம் என்றால் பஞ்சாங்கத்தோடு உட்கார வேண்டியதுதான்.

"கணினி மையங்கள் தண்ணீரையும் மின்சாரத்தையும் குடிக்கின்றன" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், அது பெரிய பிரச்சினை, தனியாக எழுத வேண்டியது. ஆனால் அந்தக் கணக்கை முக்கூடல் ஆச்சியின் ஒரு எக்ஸ்ரேயில் தொடங்காதீர்கள்.

"இயந்திரம் தப்பாகச் சொன்னால்?" இந்தக் கேள்வியை மதிக்கிறேன். கண் பரிசோதனைக்கான கூகுள் மென்பொருள் ஆய்வகத்தில் பிரமாதமாக இருந்தது. தாய்லாந்துக் கிராம மருத்துவமனைகளுக்குப் போனபோது, வெளிச்சம் சரியில்லாமல் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றை ஏற்காமல் திருப்பித் தள்ளியது. செவிலியர்கள் திண்டாடினார்கள். 2020இல் அதைச் செய்தவர்களே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? கருவி எங்கே பயன்பட வேண்டுமோ அங்கேதான் அதைச் சோதிக்க வேண்டும், அங்கே இருக்கும் செவிலியரிடம் கேட்க வேண்டும். நாம் வாசலிலேயே விரட்டிவிட்டால் அது யாருடைய நுரையீரலைப் பார்த்துப் படிக்கும்? அதே கண் மென்பொருளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. நம் மக்களின் கண்களைப் பார்த்து அது கற்றுக்கொள்ளலாம், அதன் பலன் மட்டும் நமக்கு எதற்கு என்றால் இது என்ன நியாயம்?

வெள்ளைக்காரன் சரக்கு என்பவர்களுக்கும் ஒரு செய்தி. காசநோயாளிகளில் யார் இறந்துபோகும் ஆபத்தில் இருக்கிறார் என்று நோய் கண்டுபிடித்த அன்றே கணித்துச் சொல்லும் மாதிரியை, 2025இல் தன் காசநோய்த் திட்டத்தில் இணைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உருவாக்கியது, ஏறத்தாழ 56,000 தமிழ்நாட்டு நோயாளிகளின் பதிவுகளிலிருந்து. எடை, மூச்சு, எழுந்து நிற்க முடிகிறதா என்று நம் சுகாதாரப் பணியாளர்கள் குறித்துக் கொடுத்த விவரங்கள் அவை. இது நம்முடையது ஐயா. நம் பணியாளர்கள் குறித்த எண்களில் கட்டியது.

மேடையில் இருந்த அந்தப் பெரியவரின் பேச்சை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன், ஏழைகளுக்காகப் பேசுகிறவர்தான். ஆனால் ஏழைக்கு என்ன தேவை என்று ஏழை வீட்டுப் பிள்ளையே எழுந்து சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாணவி பீடிக் கூலியில் படிக்கிறவள் என்று பிறகு அறிந்தேன். யாராவது அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? "நகைச்சுவையாகச் சொன்னார், நீங்கள் பெரிதாக்குகிறீர்கள் அக்கா" என்று எனக்கு எழுத நேரம் இருந்தது உங்களுக்கு. என் அம்மாவின் இருமல் நகைச்சுவை இல்லை.

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். கோரிக்கை இரண்டுதான். பீடிச் சுற்றுப் பெண்கள் அதிகம் உள்ள ஊர்களில் ஏஐ உதவியோடு எக்ஸ்ரே முகாம், அங்கேயே சளி எடுத்து அனுப்பும் ஏற்பாட்டோடு. இரண்டாவது, முகாமைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், அது அவர்கள் குனிந்து சுற்றிக்கொண்டிருக்கும் நேரம். பீடிக் கடையில் கட்டு ஒப்படைத்த பிறகு, சாயங்காலம், கடைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அத்தனை பேரும் வருவார்கள். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், படிவத்தோடு நானே வீட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கைதட்டியவர்களின் வீட்டுக்கும் வருவேன்.