தரங்கம்பாடியில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தேன். கடலைப் பார்த்து நிற்கும் பழைய கலெக்டர் பங்களா, இப்போது சில அறைகளே உள்ள சின்ன விடுதி. வாடகையைக் கேட்டதும் என் தம்பி, "அக்கா, இந்தக் காசுக்கு மாயவரத்துல ஒரு வாரம் தங்கலாமே" என்றான். கணக்குப்படி அவன் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் காசு வீண் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது பொறையாறு. மாயவரத்திலிருந்து திருக்கடையூர், தில்லையாடி வழியாகத் தரங்கம்பாடிக்கு அப்போது ரயில் உண்டு. 1926-இல் வந்த அந்த மீட்டர் கேஜ் பாதை 1986-இல் நின்றுபோனது. சின்ன வயதில் மாமாக்களோடு கடற்கரைக்கு வரும்போதெல்லாம் இந்த பங்களாவை வெளியே நின்று பார்த்ததோடு சரி, உள்ளே போனதே இல்லையாம். இந்த முறை போய் இறங்கியதும் அறைக்குக்கூடப் போகவில்லை. நேராக வராண்டாவுக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "தூண் இவ்வளவு பருமன்னு வெளியேருந்து தெரியலடி" என்று மட்டும் சொன்னார். காபி வந்து ஆறியும் போனது.

அந்த வராண்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டைச் சுற்றி ஓடுவதால் வெயில் அறைச் சுவரில் நேராக விழுவதில்லை. சுவர்கள் தடிமன், கூரை உயரம், ஜன்னல் கதவுகளில் சாய்த்து வைத்த மரச்சட்டங்கள். வெளிச்சத்தை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிற ஏற்பாடு அது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

இந்த மாதிரி வீட்டைக் கடலோரத்தில் நிற்க வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது எனக்குச் சொந்த அனுபவம். பொறையாறில் தாத்தா வீடு இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. உப்புக் காற்றில் பூச்சு உதிர ஆரம்பித்ததும், மலிவு என்று சிமெண்ட் வைத்துப் பூசினோம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சினாலும் அப்புறம் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரமும் உப்பும் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, சில வருஷத்தில் சுவர் புடைத்து, செங்கல் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பைப் பதமாகக் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் அன்றைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் கூலி கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. கடைசியில் வீட்டை விற்றோம், வாங்கியவர் இடித்துவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பழைய வீடுகளை விடுதியாக்குவதைச் சிலர் வியாபாரம் என்று திட்டுவார்கள். வியாபாரம்தான். ஆனால் ஆள் புழங்காத வீட்டைக் கரையானும் ஆலஞ்செடியும் எடுத்துக்கொள்ளும். வருஷா வருஷம் பூச்சு பார்க்க வேண்டும், உத்தரம் மாற்ற வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும். அதற்கெல்லாம் யாராவது பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூட்டிவைத்து வெளியே பெயர்ப்பலகை மாட்டிய எத்தனையோ கட்டடங்கள் நம் கண் முன்னால் விழுந்திருக்கின்றன. இதே ஊரில் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையே ஒரு காலத்தில் பயணியர் விடுதியாக இருந்ததுதான். 1978-க்குப் பிறகுதான் தொல்லியல் துறையிடம் போய் அருங்காட்சியகம் ஆனது.

தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேனில் வந்து, கோட்டை முன்னால் போட்டோ எடுத்து, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, திருக்கடையூருக்கோ காரைக்காலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஊர் அப்படிப் பார்க்கிற ஊர் இல்லை. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து நடந்தால்தான் அது பேசும்.

நாங்கள் நடந்தோம். பங்களாவுக்கு ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதன் கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரப்பட்டினம் என்றும் பெயர். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பதை எடுத்துக் கட்டி, அலை அண்டாமல் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா அங்கே நின்று ரொம்ப நேரம் கும்பிட்டார்.

டேனிஷ்காரர்கள் வந்தது அதற்கெல்லாம் முந்நூறு வருஷம் கழித்து. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள், வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு. அப்புறம் கொஞ்ச காலம் ஜில்லா கலெக்டர் அலுவலகம் இங்கேயே இருந்தது. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஊர் ஓய்ந்துபோனதால்தான் ராஜ வீதியும், 1792-ஆம் வருஷத்து நகர வாயிலும் இடிபடாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

ராஜ வீதியில் புது ஜெருசலேம் தேவாலயம். 1718-இல் திறந்தது, அடுத்த வருஷமே அதைக் கட்டிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் இறந்து அங்கேயே அடக்கமானார். 1706-இல் இங்கே வந்து இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். இந்த ஊரில் அச்சுக்கூடம் வைத்து 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். காகிதம் போதாமல் பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையும் போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். அம்மா சிறு வயதில் அந்த வழியாக நூறு தடவை போயிருக்கிறார். பெயர் எதனால் வந்தது என்று எழுபத்து நாலு வயதில்தான் தெரிந்துகொண்டார்.

எனக்கு ஒரு குறையும் உண்டு, நம் கடலோரத்துப் பாரம்பரிய விடுதிகள் எல்லாவற்றையும் பற்றித்தான். சுவரில் வெள்ளைக்காரர் காலத்துப் படங்கள், கப்பல்கள், வரைபடங்கள். அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனாரும், கப்பலிலிருந்து கரைக்கு மூட்டை இறக்கிய படகுக்காரரும் எங்கேயும் இல்லை. சடங்கன்பாடி என்ற பெயரை ஒரு அறைக் கதவில் எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

2004 சுனாமியில் இந்த ஊர் மீனவர் குடியிருப்பு இழந்த உயிர்கள் கொஞ்சமில்லை. சாயங்காலம் மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவோடு அம்மா பேச ஆரம்பித்து, இரண்டு பேரும் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கரையில் வாங்கிய சங்கரா மீனை விடுதி சமையல்காரத் தம்பி குழம்பு வைத்துக் கொடுத்தார். பட்டியலில் இல்லாத குழம்பு. "அம்மா, புளி போதுமா?" என்று அடுப்படியிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனார். அம்மா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார நாளில் போங்கள், சனி ஞாயிறில் கடற்கரை நெரியும். இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று சொல்வதை நம்பிப் போகாதீர்கள், ஓசோன் நுரையீரலுக்கு நல்லதில்லை. அங்கே நல்லது கடல் காற்றுதான். ஒரு வேளையாவது விடுதிக்கு வெளியே ஊருக்குள் சாப்பிடுங்கள். விடுதி வாடகை கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, மாயவரத்திலோ காரைக்காலிலோ தங்கி விடிகாலை முதல் பஸ்ஸில் வந்து சேருங்கள்.

நாங்கள் தை மாதம் மறுபடியும் போகிறோம். தம்பியும் வருகிறான். அம்மா இப்போதே மாடி அறை சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறார்.